சார்ஜர் துளையைப் பார்க்காமல் மடிக்கணினி வாங்க வேண்டாம்

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் செயலியின் பெயரையும் நினைவகத்தின் அளவையும் விசாரிப்பதற்கு முன், அதன் பக்கவாட்டில் உள்ள சார்ஜர் துளையை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். அது தயாரிப்பாளருக்கே உரிய தனி வடிவத்தில், அந்நிறுவனத்தின் சார்ஜரை மட்டுமே ஏற்பதாக இருந்தால், சார்ஜர் பழுதாகும் நாளில் பேட்டரி தீர்வதோடு தொல்லை முடியாது. கணினியின் வேகம் குறையும், அப்டேட்டுகள் நின்றுபோகும், அதன்பின் பாதுகாப்புக்கும் உத்தரவாதம் இருக்காது. இவை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் வீட்டுக் கணினியில் நடந்தன. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன். ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டால் போதும் என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடாது, ஏனெனில் இதே ஏற்பாடு வேறு பல தயாரிப்புகளிலும் உண்டு.

வாங்கும்போது, இந்தக் கணினியில் யூஎஸ்பி டைப்-சி துளை இருக்கிறது, தேவைப்பட்டால் அதன் வழியாகவும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். பெட்டியின் மேலும் டைப்-சி என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்தத் துளை தகவல் பரிமாற்றத்துக்கு மட்டுமே உரியது, மின்சாரத்தை உள்ளே வாங்காது என்ற செய்தி பெட்டியில் எங்கும் இல்லை; இணையத்தில் கிடைக்கும் விரிவான கையேட்டின் உட்பக்கத்தில்தான் இருந்தது. மின்சாரம் செல்வதற்கு இருந்த ஒரே வழி, நடுவில் மெல்லிய ஊசி போன்ற பின் கொண்ட சார்ஜர் முனையை ஏற்கும் வட்ட வடிவத் துளை. அப்போது புதிய சார்ஜர் கையில் இருந்ததால், இந்த வேறுபாடு எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

முதலில் எரிச்சலூட்டியது அப்டேட்டுகள்தான். விண்டோஸுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகின்றன. 2003 முதல் இதுவே வழக்கம். அந்தச் செவ்வாயை அடுத்து வரும் நாள்களில், மாலையில் வேலையைத் தொடங்க உட்கார்ந்தால் இரவு உணவு முடிந்தும் கணினி கைக்கு வராது. கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், கோப்புகளைச் சேமிக்கும் வட்டின் பயன்பாடு 100 விழுக்காடு என்று சிவந்து நிற்கும். ஆனால் அதன் கீழே, வினாடிக்கு எழுதப்படும் அளவு 1 எம்பிக்கும் 2 எம்பிக்கும் இடையே தள்ளாடிக்கொண்டிருக்கும். இணைய இணைப்பின் வேகம் குறைவு என்று வாடிக்கையாளர் சேவையில் சொன்னார்கள். அது சரியான விளக்கம் அன்று, ஏனெனில் பதிவிறக்கம் சில நிமிடங்களிலேயே முடிந்திருக்கும். காத்திருப்பு முழுவதும் அதற்குப் பிறகு நடப்பதற்காகத்தான்.

பதிவிறங்கிய தொகுப்பை விரித்து, ஒவ்வொரு கோப்பின் கையொப்பத்தையும் சரிபார்த்து, பழைய கோப்புகளோடு ஒப்பிட்டு, பிழை நேர்ந்தால் திரும்பிச் செல்வதற்காகப் பழையவற்றையும் பத்திரப்படுத்திவிட்டுத்தான் புதியவற்றை விண்டோஸ் அமர்த்துகிறது. இவை ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகள். வட்டின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடப்பவை. எங்கள் கணினியில் இருந்தது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க். அது ஒருமுறை சுழல ஏறத்தாழ 11 மில்லி வினாடி ஆகிறது. படிக்கும் முனை இடம் மாறுவதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்தால், இப்படிச் சிதறிய கோப்புகளை வினாடிக்கு நூறு முறைகூட அதனால் எட்ட முடியாது. அதே வேலையை, சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான சாதாரண எஸ்எஸ்டி வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்துவிடும். அப்டேட் நடக்கும்போதே வைரஸ் தடுப்பு மென்பொருளும் அதே கோப்புகளைத் திறந்து பார்ப்பதால் வட்டின் சுமை இன்னும் கூடுகிறது. வட்டு சுழன்றால்தான் வேலை நடக்கும் ஒரு கணினியை, மாதந்தோறும் இவ்வளவு பெரிய திருத்தங்களை வாங்கும் மென்பொருளோடு சேர்த்து விற்பது நியாயமில்லை என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் எஸ்எஸ்டி கிடைக்காத பொருளும் அல்ல.

அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை தாக்குதலுக்கு வழிவிட்ட ஓட்டையை அடைக்கும் திருத்தம், அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச்சில் வெளியாகிவிட்டது. அதை நிறுவாத கணினிகளே பெருமளவில் சிக்கின. ஆகவே மெதுவாக இருந்தாலும் அப்டேட் நடந்தே ஆக வேண்டும் என்று பொறுத்துக்கொண்டோம். சார்ஜர் பழுதாகும்வரை அந்தப் பொறுமைக்கும் ஓரளவு பலன் இருந்தது.

ஒருநாள் கணினி தொடங்கும்போதே, இணைக்கப்பட்டுள்ள மின் அடாப்டரின் வகையைக் கண்டறிய முடியவில்லை, பேட்டரி சார்ஜ் ஆகாது, கணினி குறைந்த வேகத்தில் இயங்கும் என்ற அறிவிப்பு கறுப்புத் திரையில் தோன்றியது. இணைத்திருந்ததோ பெட்டியோடு வந்த அதே சார்ஜர். என்டர் விசையை அழுத்திக் கடந்து உள்ளே சென்றால், வழக்கமாக 2 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் காட்டும் செயலியின் வேகம் 0.8 ஜிகாஹெர்ட்ஸ் அருகிலேயே நின்றது. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறப்பதற்கே காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்றிரவு தொடங்கிய அப்டேட் விடிந்தும் முடியாமல், பாதியில் தோற்று, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டு, அதற்கும் பல மணி நேரம் எடுத்துக்கொண்டது.

இந்த வட்ட முனையின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். முனையின் வெளிப்புற உலோகம் ஒரு முனையம், உட்புறச் சுவர் இன்னொன்று. இவ்விரண்டின் வழியாகத்தான் 19.5 வோல்ட் மின்சாரம் வருகிறது. நடுவிலுள்ள ஊசி மின்சாரம் தருவதற்கானது அன்று. சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சிறு சிப், தான் எந்த நிறுவனத்தின் சார்ஜர், எத்தனை வாட் தரக்கூடியது என்ற விவரங்களை அந்த ஊசி வழியாகக் கணினிக்குச் சொல்கிறது. 45 வாட் சார்ஜரிலிருந்து 90 வாட் இழுத்து அதைச் சூடாக்கிவிடக் கூடாது என்பதற்கு இது உதவும். அந்த நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிப் பேசாவிட்டால், போதிய மின்சாரம் வந்துகொண்டிருந்தாலும், கணினி பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுத்துவிட்டு, செயலியின் வேகத்தையும் அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுகிறது. ஊசிக்குச் செல்லும் கம்பி, மின்சாரம் செல்லும் கம்பிகளைவிட மெல்லியது. முனைக்கு அருகே கேபிள் தினமும் வளையும் இடத்தில் முதலில் அறுந்துபோவதும் அதுதான்.

இதெல்லாம் தெரியாத நிலையில், இணையத்தில் 100 விழுக்காடு பொருந்தும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட வேறொரு சார்ஜரை வாங்கினோம். முனை பொருந்தியது, வோல்ட்டும் சரியாக இருந்தது, ஆனால் அதே அறிவிப்பு மீண்டும் வந்தது. திருப்பி அனுப்ப முயன்றபோது, பொருள் மின்சாரம் தருகிறது, எனவே அது பழுதானது அன்று என்று விற்றவர் மறுத்துவிட்டார். இத்தகைய விளம்பரங்களில் பொருந்தும் என்பது முனையின் அளவை மட்டுமே குறிக்கிறது, அடையாளச் சிப் உண்டா என்பதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை என்பதைக் கவனித்து வாங்குங்கள்.

அடுத்ததாகச் சென்ற அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் நடந்ததுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. கணினியைப் பெற்றுக்கொண்டு, திரும்பத் தரப்படாத பரிசோதனைக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, சில நாள்கள் கழித்து, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டு பழுது, அதை மாற்ற வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். மதர்போர்டின் விலைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிய கணினியே வாங்கிவிடலாம். வேறொரு சார்ஜரைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, இந்த மாடலுக்கான சார்ஜர் இருப்பில் இல்லை என்று பதில் வந்தது. சோதிப்பதற்குச் சார்ஜரே இல்லாத இடத்தில், பழுது போர்டில்தான் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? எழுத்து வடிவில் அறிக்கை கேட்டேன். அப்படித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

தனியாகப் பழுது பார்க்கும் ஒரு டெக்னீஷியன்தான் உண்மையைக் கண்டுபிடித்தார். மல்டிமீட்டரை வைத்து 19.5 வோல்ட் முழுமையாக வருவதை முதலில் எங்களுக்குக் காட்டினார். பிறகு கணினியை இயக்கி, முனைக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் கேபிளைப் பிடித்து மெதுவாக வளைத்தார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பேட்டரிச் சின்னத்தில் சார்ஜ் ஏறும் குறி தோன்றியது; விரலை எடுத்ததும் மறைந்தது. அறுந்திருந்தது சார்ஜருக்குள் இருந்த அந்த ஒற்றை மெல்லிய கம்பி. மதர்போர்டில் எந்தக் குறையும் இல்லை.

அதற்குள் இன்னொரு முட்டுக்கட்டையும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11க்கு மாறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இயங்க வேண்டும். எங்கள் கணினியில் அதை இயக்குவதற்கு, கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் தேவைப்பட்டது. பயாஸ் அப்டேட்டின் நடுவில் மின்சாரம் நின்றால் கணினி மீளாமலே போகலாம் என்பதால், பேட்டரியில் போதிய சார்ஜும் இணைப்பில் சார்ஜரும் இருந்தால்தான் அது தொடங்கும். அடையாளம் தெரியாத சார்ஜரைச் சார்ஜராகவே கணினி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, பேட்டரியும் ஏறவில்லை. ஆக, நல்ல செயலியும் நல்ல மதர்போர்டும் உள்ள ஒரு கணினி, ஒரு கம்பி அறுந்ததால் விண்டோஸ் 11க்கு மாற வழியில்லாமல் நின்றது. அசல் சார்ஜர் ஒன்றைத் தேடிப் பிடித்து இணைத்த பிறகுதான் வேகம் திரும்பியது, பயாஸும் புதுப்பிக்கப்பட்டது. அதே டெக்னீஷியன் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்திக் கொடுத்தார். இப்போது மாதாந்திர அப்டேட் நாங்கள் காத்திருக்கும் ஒன்றாகவே இல்லை.

இவ்வளவு அலைச்சலுக்கும் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை என்பதுதான் மிகுந்த வேதனை தருகிறது. டைப்-சி முனையின் வரையறை 2014இலேயே வெளியானது. யூஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 100 வாட் வரை அதன் வழியாக அனுப்ப முடிந்தது. 2021இல் அது 240 வாட் வரை உயர்த்தப்பட்டது. சார்ஜரும் கணினியும் ஒன்றோடொன்று பேசி எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று முடிவு செய்யும் வசதியும் அந்தப் பொது முறையிலேயே உண்டு, அதுவும் எந்த நிறுவனத்தின் சார்ஜரோடும். 2012இல் லைட்னிங் என்ற தனி முனையை அறிமுகப்படுத்திய ஆப்பிள்கூட 2023இல் ஐபோன் 15இல் டைப்-சிக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய பொதுச் சார்ஜர் விதி, 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் பொருந்தும் என்றும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் பொருந்தும் என்றும் வகுத்துள்ளது. 45 வாட்டும் 65 வாட்டும் போதுமான அன்றாடக் கணினிக்குத் தனி முனை எதற்கு என்று வாங்குபவர்கள் கேட்க வேண்டும்.

கடையில் கேட்கும்போது டைப்-சி இருக்கிறதா என்று கேட்பது போதாது. டைப்-சி வழியாகக் கணினிக்குச் சார்ஜ் ஏறுமா, எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டு, பதிலை ரசீதிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். முடிந்தால் உங்களிடம் இருக்கும் டைப்-சி சார்ஜர் ஒன்றை எடுத்துச் சென்று, கடையிலேயே செருகிப் பேட்டரிச் சின்னத்தைப் பாருங்கள். கைபேசிக்கான சிறிய சார்ஜரின் மின்சாரம் சில கணினிகளுக்குப் போதாது என்பதையும், 60 வாட்டுக்கு மேல் செல்ல அதற்கென உள்ள கேபிள் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சேமிப்பகம் எஸ்எஸ்டிதானா, பிறகு மாற்றக்கூடிய வகையில் பொருத்தப்பட்டிருக்கிறதா, போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

தனி முனை கொண்ட கணினி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அந்த மாடல் சந்தையில் இருக்கும்போதே இன்னொரு அசல் சார்ஜரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேபிளைச் சார்ஜர் கட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள்; தளர்வாகச் சுருட்டி வையுங்கள். நிலுவையில் உள்ள பயாஸ் அப்டேட்டுகளைச் சார்ஜர் நலமாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கணினி திடீரென்று மந்தமானால், வைரஸ் என்றோ விண்டோஸ் பழுது என்றோ முடிவுகட்டுவதற்கு முன், டாஸ்க் மேனேஜரில் செயலியின் வேகம் 1 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சார்ஜரை. சேவை மையத்தில் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால், பழுதில்லாத வேறோர் அசல் சார்ஜரை உங்கள் கண்முன்னே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கும் இடத்தில் கணினியை விட்டுவிட்டு வர வேண்டாம்.