லீ மார்கனின் ‘தி சைட்வைண்டர்’: முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டில்தான் எல்லா வம்பும்

“சைட்வைண்டர் விலை இறங்கியிருக்கு, எல்பி எடுக்கலாமா?” என்று நண்பர் கேட்டார். ஜாஸ் டிரம்பெட்காரர் லீ மார்கனின் ஆல்பம் அது; எல்பி என்றால் டர்ன்டேபிளில் ஊசி வைத்துக் கேட்கும் இசைத்தட்டு. ‘எடு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் இந்தத் தட்டைப் பல வருஷம் சுழலவிட்டவர்களுக்குத் தெரியும், முதல் பக்கத்தில் ஒரு முள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வாங்கச் சொன்னால் பாவம் சேரும்.

1963 டிசம்பர் 21, நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. லீ மார்கன் டிரம்பெட், ஜோ ஹெண்டர்சன் டெனர் சாக்ஸபோன், பாரி ஹாரிஸ் பியானோ, பாப் கிரான்ஷா பேஸ், பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸ். ஐந்து பாட்டு, ஐந்தும் மார்கன் எழுதியவை. இதெல்லாம் அட்டையைத் திருப்பினால் தெரிகிற சங்கதி. வம்பு பாட்டுகளை அடுக்கிய வரிசையில் இருக்கிறது.

முதல் பக்கத்தில் இரண்டே பாட்டு. தலைப்புப் பாட்டு 10 நிமிடம் 25 விநாடி, ‘டோட்டம் போல்’ 10 நிமிடம் 11 விநாடி. ஊர் முழுக்கத் தெரிந்தது முதலாவது. சலிக்காமல் கேட்க வைப்பது இரண்டாவது. அந்த இரண்டாவதைக் கொண்டுபோய் தட்டின் நடுவிலுள்ள லேபிள் பக்கமாக, ஊசிக்கு மூச்சுமுட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

தட்டு சுற்றும் வேகம் எங்கும் நிமிடத்துக்கு 33⅓தான். ஆனால் மையத்திலிருந்து 146 மி.மீ. தள்ளி, வெளி விளிம்பில், ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. நீளக் கோடு ஓடுகிறது. உள்ளே 60 மி.மீ.க்கு வந்தால் அது 21 செ.மீ.யாகக் குறுகிவிடும். 10,000 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு வெளியே 51 மைக்ரான் இடம் கிடைக்கிறது, உள்ளே 21 மைக்ரான்தான். சாதாரண உருண்டை முனை, அதாவது கோனிக்கல் ஊசியின் ஆரமே 15-லிருந்து 18 மைக்ரான். அந்த வளைவுக்குள் அது எப்படி நுழையும்? மேலே மேலே தாவிக்கொண்டுதான் போகும். பியானோ தனியாக வரும்போது காதுக்கு இது பெரிதாகப் படாது. டிரம்பெட்டின் மேல் ஒலிக்கூறுகள் பல அந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கின்றன என்பதால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். ‘டோட்டம் போல்’ கடைசி எல்லை வரை போகாவிட்டாலும் அதன் பின்பாதி அந்தப் பக்கம்தான். முடிவில் டிரம்பெட்டும் டெனரும் சேர்ந்து மெட்டைத் திரும்பப் பிடிக்கும்போது பித்தளை ஒலி கிழிந்த காகிதம்போல் சரசரக்கும். பத்து நிமிடம் கேட்ட சுகத்தைக் கடைசி ஒன்றரை நிமிடம் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

தலைப்புப் பாட்டு வெளி விளிம்பில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். வழக்கமான 12 பார் (தாள ஆவர்த்தம்) ப்ளூஸை இரண்டு மடங்காக இழுத்து 24 பாராக்கியிருக்கிறார் மார்கன். அறுபது வருஷம் கழித்தும் அது பழசாகாததற்குக் காரணம் மெட்டு என்று பலரும் நினைப்பார்கள். ஹிக்கின்ஸின் ரைடு சிம்பலை, அதாவது டிரம்ஸில் தாளம் ஓட்டும் பெரிய ஜால்ராவை, மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். ஸ்விங் என்றால் ஒரு தாளத் தட்டை மூன்றாகப் பிரித்து முதல் இரண்டைச் சேர்த்து வாசிப்பது, ஏறக்குறைய நம் திஸ்ர நடை. பூகலூ என்ற ஆட்டப் பாணி என்றால் தாளத் தட்டைச் சமமாகப் பிரிப்பது, சதுஸ்ரத்தின் சாயல். ஹிக்கின்ஸ் இரண்டிலும் முழுசாக உட்காராமல் நடுவில் ஓர் இடம் பிடித்துக்கொள்கிறார். அது கிரான்ஷாவின் பேஸோடு சேரும்போது கால் தானாக ஆடும், ஏன் ஆடுகிறது என்று எண்ணிச் சொல்ல வராது. பிற்பாடு இதே பாணியில் வந்த பல பாட்டுகளில் டிரம்மர் தாளத் தட்டைச் சமமாக, கனமாக அடித்துவிடுவார். அவை சீக்கிரமே திகட்டிப் போவதற்கு அந்தக் கனம் ஒரு முக்கியக் காரணம். ஹிக்கின்ஸ் ஒரு தடவைகூடக் கனக்கவில்லை.

மார்கனுக்கு அப்போது 25 வயது. பதினெட்டில் டிரம்பெட் மேதை கில்லெஸ்பியின் பெரிய பேண்டில் வாசித்தவர், பிறகு டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் இருந்தவர். வேகமாக வாசிக்கத் தெரியும் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் இதில் வேகத்தைக் குறைத்துவிட்டு அரைவால்வில் விளையாடுகிறார். வால்வை முழுக்க அழுத்தாமல் பாதியில் நிறுத்தினால் குழாயில் காற்று வழி மாறும் இடம் அரைகுறையாக அடைபடும். சுரம் மங்கி, வழுக்கி, அடுத்ததில் போய்ச் சேரும். பேச்சில் ஒரு சொல்லை இழுத்துக் கிண்டலாகச் சொல்வோமே, அதுபோல. நல்ல ஊசியில் கேட்டால் அந்த மங்கலும், மங்கலுக்குப் பின்னால் வரும் பளிச்சும் தனித்தனியாகத் தெரியும். கெட்ட ஊசியில் இரண்டும் ஒரே கரகரப்பு.

நேர்மையாகச் சொன்னால் இன்னொரு குறையும் உண்டு, அது ஊசியால் வந்ததில்லை. வான் கெல்டர் டிரம்பெட்டுக்குக் கொடுத்த மரியாதையைப் பியானோவுக்குக் கொடுத்ததில்லை. பாரி ஹாரிஸ் டெட்ராய்ட்டிலிருந்து வந்த, பீபாப் என்ற ஜாஸ் பாணியின் அசல் பியானோக்காரர். இங்கே அவர் பெட்டிக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்கிறது. இதற்கு ஊசியைத் தாங்கும் எந்த கார்ட்ரிட்ஜும் மருந்தில்லை.

ஊசி விஷயத்துக்கு மருந்து இருக்கிறது. முதலில் இதே பாட்டை ஸ்ட்ரீமிங்கிலோ சிடியிலோ ஹெட்ஃபோனில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். டேப்பிலேயே உள்ள முரட்டுத்தனம் எது, உங்கள் டர்ன்டேபிள் சேர்த்த முரட்டுத்தனம் எது என்று அப்போதுதான் பிரியும். அடுத்து வேறு நான்கைந்து தட்டுகளின் கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் கரகரத்தால் கோளாறு ஊசியிலோ அதைப் பொருத்திய விதத்திலோ இருக்கிறது. இதில் மட்டும் என்றால் தட்டுத் தேய்ந்திருக்கிறது. அறுபதுகளில் கனமான ஊசியில் தேய்த்த கோடு திரும்ப வளராது, எத்தனை தரம் கழுவினாலும் சரி.

கோளாறு பொருத்தத்தில் என்றால், ஊசியின் கோணத்தைச் சரிபார்க்கும் புரோட்ராக்டர் காகிதத்தை எடுங்கள். பலரும் பயன்படுத்தும் பேர்வால்ட் முறையில் ஊசி சரியாக நேராக நிற்கும் இரண்டு புள்ளிகள், மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஸ்டீவன்சன் முறையில் அவை 60.3, 117.4. உள்பக்கத்துக்கு ஸ்டீவன்சன் சாதகம், அதற்கு விலையாகத் தட்டின் நடுப்பகுதியில் கொஞ்சம் பிழை கூடும். இந்த ஒரு பாட்டுக்காக மாற்றுவது அதிகப்பிரசங்கித்தனம். டிரம்பெட், வயலின், பெண்குரல் என்றே தட்டு சேர்ப்பவர்கள் மாற்றலாம்.

ஊசியின் எடையைக் குறைத்து வைத்தால் தட்டுத் தேயாது என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. தப்பு. எடை போதாத ஊசி கோட்டுக்குள் குதிக்கும், குதிக்கிற ஊசிதான் சுவரைச் செதுக்கும். 1.8 முதல் 2.2 கிராம் வரை என்று போட்டிருந்தால் 2-க்குக் கீழே போக வேண்டாம். பிறகு ஆன்டி-ஸ்கேட், அதாவது ஊசிக்கரம் உள்பக்கம் இழுபடாமல் பிடித்துவைக்கும் அமைப்பு. கரகரப்பு வலது சேனலில் அதிகம் என்றால் அதைக் கொஞ்சம் கூட்டுங்கள், இடதில் என்றால் குறையுங்கள். ஒரு தடவைக்குக் கால் அளவு போதும். இதை ஸ்டீரியோ தட்டில்தான் சரிபார்க்க முடியும்.

இத்தனைக்கும் பிறகு மீதி இருப்பது முனையின் வடிவம். ஆடியோ-டெக்னிக்காவின் விஎம்95 கார்ட்ரிட்ஜ் வரிசையில் ஒரு வசதி, உடம்பு அதேதான், ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். கோனிக்கலில் இருந்து நீள்வட்ட முனையான எலிப்டிக்கலுக்குப் போனால் பாதிக் கரகரப்பு போகும். இன்னும் மெல்லிய முனையான மைக்ரோலீனியருக்குப் போனால் ஹெண்டர்சனின் டெனர் டிரம்பெட்டிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும். ஊசியின் விலை தட்டின் விலையைவிட அதிகம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பதிப்பு விஷயம். பழைய அச்சில் லேபிளுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் உள்ள மொட்டை வளையத்தில் ‘வான் கெல்டர்’ முத்திரையும், காது மடல்போல் வளைந்த ஒரு ‘பி’ எழுத்தும் இருக்கும். அந்தக் காது பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். அறுபதுகளின் நடுவில், இதை வெளியிட்ட ப்ளூ நோட் கம்பெனி லிபர்ட்டி என்ற வேறு கம்பெனியின் கைக்குப் போனபின் வந்த அச்சுகளில் அந்தக் காது கிடையாது. காதுக்காகக் கொட்டிக் கொடுக்கிறார்கள், பாப் பட்டியலில் 25-ஆம் இடம் வரை ஏறிய ஆல்பம் இது என்பதை மறந்துவிட்டு. அவ்வளவு விற்ற தட்டு பார்ட்டிகளில் அடிவாங்கியிருக்கும். அட்டை பளபளக்கலாம், ‘டோட்டம் போல்’ உயிரோடு இருக்கிறதா என்று போட்டுக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். மோனோவா ஸ்டீரியோவா என்ற சண்டையும் இங்கே வீண். வான் கெல்டர் அந்தக் காலத்தில் இரண்டு டிராக் டேப்பில் பதிந்து அதையே மடித்து மோனோ ஆக்கினார். 1999-இல் அவரே மறுபடி மாஸ்டர் செய்த சிடி பளிச்சென்று இருக்கும், சிலருக்குக் காது கூசும். அதில் ‘டோட்டம் போல்’ மாற்று டேக் (இன்னொரு தடவை வாசித்த பதிவு) ஒன்று கூடுதலாக உண்டு.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ‘கேரிஸ் நோட்புக்’ மூன்றின் ஆட்டம், ‘பாய், வாட் எ நைட்’ விருந்து, ‘ஹோக்கஸ் போக்கஸ்’ வழக்கமான ஸ்விங். மூன்றும் நல்ல பாட்டு. முதல் பக்கம் எதிரில் இல்லாவிட்டால் இன்னும் நல்ல பாட்டு.

இந்த ஆல்பம் ஓடியதற்கான தண்டனையை மார்கன்தான் அனுபவித்தார். இது பதிந்து இரண்டே மாதத்தில், 1964 பிப்ரவரியில், ‘சர்ச் ஃபார் த நியூ லேண்ட்’ பதிவானது. இதைவிட ஆழமான வேலை. அது 1966 வரை வெளியே வரவில்லை. நடுவில் இதே அச்சில் வார்த்த ‘தி ரம்புரோலர்’ கடைக்கு வந்துவிட்டது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு எல்பிக்கு ஐந்துக்கு மூன்றுதான் போட மனசு வருகிறது. இன்றைக்கு இரவு அந்தக் கடைசி ஒன்றரை நிமிடம் சுத்தமாகக் கேட்டால் நாளைக்கு நாலரை ஆகலாம். நண்பருக்குப் போன பதில் இவ்வளவுதான்: “உன் டர்ன்டேபிள்ல என்ன ஊசின்னு முதல்ல சொல்லு. கோனிக்கல்னா சிடி எடு.”