இரண்டாவது டெப்த் கேமரா வாங்கலாமா?

விலை இறங்கிவிட்டதே, டைம் ஆஃப் ஃப்ளைட் டெப்த் கேமரா (ஒளியை அனுப்பி, அது திரும்புவதை வைத்து எதிரே உள்ளவற்றின் தூரத்தை அளக்கும் கேமரா) இன்னொன்று வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டார். ஒரே மாடலில் இரண்டை எதிரெதிரே நிறுத்தி ஆள் உருவத்தை முப்பரிமாணத்தில் பதிவு செய்து வருகிறேன். ரெசல்யூஷன், தூர வரம்பு எல்லாம் அவருக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தனியாக ஓடும்போது இதைக் குறை சொல்ல மனம் வராது. கும்மிருட்டிலும் அளக்கும். வெறும் வெள்ளைச் சுவரைக்கூட வழவழப்பாக எடுத்துத் தரும். இரண்டாவதை இயக்கியதும்தான் வினை ஆரம்பம்.

2010-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் முதல் கினெக்ட் டெப்த் கேமராவை வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வேறு உருவத்தில் தெரிந்திருக்கும். அது அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி, அவை விழும் இடத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். இரண்டு கினெக்ட்டின் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எது தன்னுடையது என்று தெரியாமல் படத்தில் ஓட்டை விழும். 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் கண்டார்கள்: கேமராவில் சின்ன மோட்டாரைப் பொருத்தி அதிர வைப்பது. தன் புள்ளிகள் தன்னோடு சேர்ந்து ஆடுவதால் தெளிவாகத் தெரியும், அடுத்ததன் புள்ளிகள் கலங்கிவிடும்.

ஓட்டை விழுந்தால்கூடப் பரவாயில்லை. இங்கே தரவு இல்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. என்னிடம் இருக்கும் வகை அப்படி ஒப்புக்கொள்வதே இல்லை. இது ஒளியை மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஏற்றி இறக்கி அனுப்பி, திரும்பி வருவதன் ஃபேஸ், அதாவது அந்த ஏற்ற இறக்கச் சுற்றில் அது நிற்கும் இடம், எவ்வளவு பின்தங்கியது என்று பார்த்துத் தூரம் சொல்லும். பக்கத்துக் கேமராவின் ஒளியும் கிட்டத்தட்ட அதே அதிர்வெண்ணில் துடித்தால், அதுவும் கணக்கில் கலந்துவிடும். அசையாத சுவர் மூச்சு விடுவதுபோல முன்னும் பின்னும் வரும். படம் பார்க்க அழகாகவே இருக்கும். எண்கள் மட்டும் பொய்.

இந்தப் பொய் எப்போதும் வருவதில்லை என்பதுதான் எரிச்சலின் உச்சம். இரு கேமராக்களிலும் துடிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் கடிகாரப் படிகங்கள் துல்லியமாக ஒன்றல்ல. அதிர்வெண்கள் போதுமான அளவு விலகி நின்றால் அந்நிய ஒளி சராசரியில் கரைந்து வெறும் இரைச்சலாகிவிடும். சூடு ஏறி அவை நெருங்கினால் சுவர் ஆட ஆரம்பிக்கும். காலையில் சரியாக இருந்த செட்டப் மதியம் ஆடும். அப்புறம் இன்னொரு குத்து: 100 மெகாஹெர்ட்ஸில் ஃபேஸ் 1.5 மீட்டருக்கு ஒருமுறை பழைய இடத்துக்கே வந்துவிடும். எத்தனை சுற்று என்று கண்டுபிடிப்பதில் தடுமாறினால் பிழை சென்டிமீட்டர் கணக்கில் நிற்காது, முழங்கை ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய் நிற்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இதற்குத் தீர்வு உண்டு, வேலையும் செய்கிறது. இரண்டின் நேரத்தையும் ஒத்துப்போக வைக்கும் சிங்க் கேபிள் போட்டு, ஒன்றை நேரம் சொல்லும் மாஸ்டராக்கி, மற்றதன் லேசர் சற்றுத் தாமதித்து எரியும்படி அமைத்தால், ஒன்று ஓய்ந்திருக்கும் இடைவெளியில் மற்றது அளந்து கொள்ளும். சுவர் அடங்கிவிடுகிறது. அறை மூலைகள் மட்டும் இன்னமும் வளைந்தே தெரியும்; அது கேமராவின் சொந்த ஒளியே சுவருக்குச் சுவர் எகிறி வருவதால், அடுத்ததன்மேல் பழி போட முடியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்கு நான் தந்த பதில்: வாங்காதீர்கள். கேபிள் போட்ட பிறகு என் அளவுகளில் குறையில்லை, தெரியும். ஆனாலும் கேபிள் ஆடிக் கழன்றால் ஒரு எச்சரிக்கைகூடத் தராமல் பழைய பொய்யைத் தொடர்கிற சாதனத்தின்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. புள்ளி தூவும் ஸ்டீரியோ கேமராவைப் பாருங்கள். அது இரண்டு கண்ணால் பார்ப்பதை ஒப்பிடுகிறது, எந்தப் புள்ளி யாருடையது என்ற கவலை அதற்கில்லை. அடுத்ததன் புள்ளிகள் சில நேரம் உதவவும் செய்யும். ஓரங்கள் இதைவிட மழுங்கலாகத்தான் வரும், இருக்கட்டும்.

இல்லை, இதையேதான் வாங்குவேன் என்றால் சிங்க் போர்ட் இல்லாத மாடலைத் தொடாதீர்கள். வாங்கியதும் இரண்டையும் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஒன்றின் லேசரைக் கறுப்பு அட்டையால் மறைத்தும் திறந்தும் மற்றதில் சுவரைப் பாருங்கள். எண்கள் மாறினால் உடனே திருப்பிக் கொடுங்கள்.