பத்துக்குப் பதினொன்று அறையில் ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

திருவான்மியூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், இசை கேட்பதற்கென்று ஒதுக்க முடிந்த அறை பத்தடிக்குப் பதினோரடி; உயரமும் பத்தடிதான். தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ், சுற்றிலும் பூசிய செங்கல் சுவர், ஒரு ஜன்னல், ஒரு ஸ்டீல் பீரோ. இந்த அறையில் ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர் ஸ்பீக்கர்களைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒலி பெட்டியை விட்டு வெளியே வர வேண்டும், பாடகர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே சற்றுப் பின்தள்ளி அமர்ந்து பாடுவதாகத் தோன்ற வேண்டும் என்பதே நான் எதிர்பார்த்தது. சிறிய அறையில் அந்த விசாலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அறைதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. அந்த வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அறை தானாகவே முழங்கும் அதிர்வெண் கிடைத்துவிடும். பதினோரடிக்கு 52 ஹெர்ட்ஸ்; பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதால் 57-இல் முழக்கம் இரட்டிக்கிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தியை வெறுமனே மீட்டினால் எழுவது 55 ஹெர்ட்ஸ், அதாவது இரண்டுக்கும் நடுவில். முன்பு இங்கிருந்த பெரிய ஸ்பீக்கர்களில் எண்பதுகளின் திரைப்பாடல்களைக் கேட்கும்போது அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கும், பீரோவின் கைப்பிடி உடன் சேர்ந்து அதிரும், பாடகியின் குரல் பின்னால் ஒதுங்கிவிடும். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துண்டு ரப்பரைச் செருகியதும் அதிர்வு நின்றது, வீக்கம் நிற்கவில்லை.

பி3ஈஎஸ்ஆர் துளை ஏதும் இல்லாத மூடிய பெட்டி. அதன் கீழ் எல்லையாக நிறுவனம் குறிப்பிடுவது 75 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மூடிய பெட்டியின் ஒலி ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் என்ற அளவில் நிதானமாகக் குறைகிறது. துளையுள்ள பெட்டியில் இது 24 டெசிபல். எனவே, அறை எங்கே முழங்குகிறதோ அங்கே இந்த ஸ்பீக்கர் ஏற்கெனவே அடங்கத் தொடங்கியிருக்கும், அறையின் முழக்கம் அந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்பவும் செய்யும். பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களின் நெருக்கடிக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரின் வழியில் வந்தது இது. பிபிசியில் பொறியாளராக இருந்த ஹார்வுட் 1977-இல் தொடங்கிய நிறுவனமே ஹார்பெத்.

75 ஹெர்ட்ஸில் நின்றுவிட்டால் கர்நாடக இசைக்குப் போதுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு கட்டை சுருதியில் பாடுபவருக்கான தம்புராவில் மந்தர ஷட்ஜத் தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 65 ஹெர்ட்ஸ். அது எல்லைக்குச் சற்றே கீழே இருப்பது உண்மைதான். ஆனால் ஜீவா (தந்திக்கு அடியில் செருகும் நூல்) சரியாக அமைந்த தம்புராவில் நாம் கேட்பது பெரும்பாலும் மேற்சுரங்களையே, அதாவது அடிப்படையோடு சேர்ந்தெழும் உயர் அதிர்வெண்களையே. அவை குறையாமல் வந்தால் அடிப்படையைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. மிருதங்கத்திலும் இதே கதைதான். வலப்பக்க முகமான வலந்தலையின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசைவான விகிதத்தில் அமைவதைச் சர் சி. வி. ராமன் 1920-லேயே எழுதியிருக்கிறார். வலந்தலையில் சாப்பு என்னும் அடி விழும்போது அந்தச் சுரம் தம்புராவோடு சேர்கிறதா, அரை இழை விலகி நிற்கிறதா என்பது இதில் துல்லியமாகத் தெரிகிறது. இடப்பக்கத் தொப்பியில் எழும் கும்கி என்னும் வழுக்கொலியின் இழைவும் தெரிகிறது. நெஞ்சில் வந்து மோதும் கனம் மட்டும் கிடையாது.

வாங்குவதற்கு முன், பெட்டியே இல்லாத ஓப்பன் பேஃபிள் ஸ்பீக்கர்களை நங்கநல்லூரில் ஒரு நண்பரின் கூடத்தில் கேட்டிருந்தேன். விசாலம் என்றால் அதுதான்! கூம்பின் முன்னே எழும் அலையும் பின்னே எழும் அலையும் பக்கவாட்டில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் பக்கச் சுவர்கள் அதிகம் குறுக்கே வருவதில்லை. அவரே அவற்றை என் அறைக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். பின்சுவரிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது இவ்வகையில் பெயர்பெற்ற வடிவமைப்பாளரான லிங்க்விட்ஸின் அறிவுரை. என் அறையில் அவ்வளவு தள்ளினால் நான் எதிர்ச்சுவரில் சாய்ந்துதான் உட்கார வேண்டும். இரண்டடியில் வைத்தபோது பின்னலை சுவரில் பட்டு உடனே திரும்பி, வயலினின் மேல்ஸ்தாயியைக் கூசச் செய்தது. நிலைமின் (எலக்ட்ரோஸ்டேடிக்) ஸ்பீக்கர்களுக்கும் இதே பின்னலைச் சிக்கல் உண்டு. போதாததற்குக் கடற்கரை ஈரமும் தூசியும் அவற்றுக்கு ஆகாது.

ஹார்பெத்தைப் பின்சுவரிலிருந்து இரண்டரை அடியிலும், பக்கச் சுவரிலிருந்து இரண்டடியிலும் வைத்திருக்கிறேன். ஒலி ஓர் அடியைக் கடக்கச் சுமார் 0.9 மில்லிநொடி ஆகிறது. பக்கச் சுவரில் பட்டு வருவது மூன்று நான்கு மில்லிநொடிக்குள் வந்து சேர்வதால், காது அதைத் தனி எதிரொலியாகப் பிரிக்காமல் மூல ஒலியோடு கலந்துவிடுகிறது. குரலின் இடம் கலங்குவது இங்கேதான். ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்த, நாற்காலியிலிருந்து பார்ப்பவருக்கு ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே, பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துத் தைத்த இரண்டு திண்டுகளைத் தொங்கவிட்டோம். தரையில் பவானி ஜமக்காளத்தை இரட்டையாக மடித்து விரித்தோம். அதுவரை கைதட்டினால் சுவருக்குச் சுவர் ‘ட்ர்ர்’ என்று ஓடிய ஒலி போயிற்று. பாடகர் நடுவில் வந்து அமர்ந்ததும் அதன் பிறகுதான். ஸ்டாண்டு, பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் சதுர இரும்புக் குழாயில் அடித்தது. உள்ளே வெயிலில் காயவைத்த மணல். கடையில் விற்பதற்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

இதன் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு எழுப்பும் ஒலியளவு, 83.5 டெசிபல்; இது குறைவு. ஒலியை 3 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபையர் இரு மடங்கு வாட் தர வேண்டும். இந்த அறைக்கு என் 60 வாட் தாராளமாகப் போதும். பெரிய கூடத்தில் போதாது. மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க முடியாது என்பதால், மெல்லிய வீணைப் பதிவுகளை இரவு ஏசி அணைந்த பின்தான் போடுகிறேன். உப்புக்காற்றில் பின்புற இணைப்பு முனைகள் மங்குகின்றன. அவ்வப்போது கழற்றித் துடைத்தால் போதும். கூம்பின் விளிம்பு ரப்பர் என்பது நம் ஊருக்குப் பெரிய ஆறுதல், ஏனெனில் நுரை விளிம்புள்ள பழைய ஸ்பீக்கர்கள் இங்கே பொடிந்து உதிர்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

நாதஸ்வரக் கச்சேரிக்கு இது ஈடு கொடுப்பதில்லை. நாதஸ்வரம் வந்துவிடுகிறது, தவிலின் உடல் வருவதில்லை. தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள சப்-ஊஃபர் ஒன்றைச் சேர்க்கலாம் என்று அவ்வப்போது தோன்றும். ஆனால் அது முதலில் எழுப்பப்போவது அந்த 52-ஐயும் 57-ஐயும்தான் என்பதாலும், கீழ்வீட்டில் கைக்குழந்தை இருப்பதாலும், தவிலைக் கோயிலில் கேட்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.