தோண்டாமல் கடல்நீர்க் குழாய்க்கு உள்ளுறை: எங்கள் ஆலை அனுபவம்

தூத்துக்குடி கடலோரத்தில் ஒரு ரசாயன ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். குளிர்விப்புக்கான கடல்நீர் எங்களுக்கு 900 மி.மீ. எஃகுக் குழாயில், தரைக்கடியில் வருகிறது. உள்ளே சிமெண்ட் பூச்சு, வயது 31. பூச்சு விண்டுபோன இடத்தில் உள்ளிருந்து உப்புநீர் அரிக்கும், வெளியிலிருந்து உவர் மண் அரிக்கும். கசிந்த இடத்தைத் தோண்டி கிளாம்ப் போட்டு மூடினால், அடுத்த மாதம் பத்தடி தள்ளி ஈரம் தெரியும்.

மாற்றலாம் என்றால் மேலே லாரி போகும் சாலை, பக்கத்தில் கேபிள் பள்ளம். அதனால் ரெசின் என்ற பிசினில் ஊறவைத்த துணி உறையைக் குழாய்க்குள் செலுத்தி, சுடுநீரால் இறுகவைக்கும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம்.

அவர்களிடம் எனக்கு முதலில் பிடித்தது, சுத்தம் செய்வதில் காட்டிய பிடிவாதம். உள்ளே கொட்டலசு என்ற, சிப்பிபோல ஓடுள்ள கடலுயிரி கல்லாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி, உயரழுத்த நீரால் கழுவி, கேமராவை அனுப்பி, இரண்டு இடத்தில் திருப்தி இல்லாமல் மறுபடி கழுவினார்கள். ஷட்டவுன் நாள் ஓடுகிறதே என்று நான் பதறினேன். அவர்கள் செய்ததுதான் சரி. ஆள் இறங்கும்முன் ஒவ்வொரு முறையும் வாயு மீட்டர் வைத்தார்கள். செத்த சிப்பி அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வரும்; அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அலட்சியத்தில் உயிர் போகும் இடம் இது.

உறை வந்த அன்று வெயில் கொளுத்தியது. சூடு ஏறினால் ரெசின் லாரியிலேயே இறுகிவிடும். மீன்பிடித் துறைமுகப் பக்கத்து ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி கட்டியாக வாங்கி அடுக்கிக் காப்பாற்றினார்கள். ரெசின், குளோரினைத் தாங்கும் வினைல் எஸ்டர் வகை என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்கியிருந்தோம். கடல்நீரில் குளோரின் கலக்கிறவர்கள் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

14 மி.மீ. உறையால் உள்விட்டம் 28 மி.மீ. குறைந்தது. ஆனால் பரப்பு வழுவழுப்பு என்பதால் பம்ப் அழுத்தம் ஏறவில்லை.

இப்போது குறை. உறை முடியும் இரண்டு முனையிலும் எஃகுக்கும் அதற்கும் நடுவே நீர் புகாதபடி ரப்பர் வளையம் வைத்து இறுக்க வேண்டும். விலைப்பட்டியலில் அது இல்லை, நாங்களும் கவனிக்கவில்லை. கேட்டபோது "அது தனி சார்" என்றார்கள். வளையம் வந்து சேர ஆறு நாள் ஆனது, அதுவரை ஆலை நின்றது. இவ்வளவு அக்கறையான ஆட்கள் இதை முன்பே சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. 90 டிகிரி வளைவு ஒன்றிலும் உறை சுருக்கம் விழுந்தது. அதை வெட்டி எடுத்து, தோண்டி, ஃபைபர் கிளாஸ் குழாய் வைத்தோம். நேர் ஓட்டத்துக்கு இந்த முறை அருமை. கூர்மையான வளைவு இருந்தால் அந்த இடத்தை மட்டும் தோண்டுவதற்குத் தயாராக இருங்கள்.

ஒரு வருடம் கழித்துக் கேமரா விட்டுப் பார்த்தோம். உறையில் எங்கும் விரிசல் இல்லை. அடுத்த குழாய்க்கும் அவர்களையே விலை கேட்டிருக்கிறேன், இந்த முறை முனை வளையத்தையும் சேர்த்து.