அக்கா மகன் பெயரில் ஆட்டோகேடா, நம் பெயரில் வேறொன்றா?

வீட்டு பிளான் போடும் இரண்டு பேர் அலுவலகம் எங்களுடையது. கணினியில் பிளான் வரைய முதலில் நினைவுக்கு வருவது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட். மாணவர் லைசென்ஸ், ஆண்டுச் சந்தா, ஒரே தடவை காசு கட்டி வாங்குவது என்று மூன்று வழியையும் பார்த்துவிட்டு, இப்போது அதேபோன்ற இன்னொரு வரைபட மென்பொருளான பிரிக்ஸ்கேட் லைட்டில் வேலை செய்கிறோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டு நகல் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. தெரிந்தே திருட்டு நகலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவு சொல்கிறது. மாணவர் லைசென்ஸ் விஷயத்தில்தான் பலருக்கும் மனசு சமாதானமாகிவிடுகிறது. "கம்பெனியே கொடுக்கிறதுதானே, இது எப்படித் திருட்டு ஆகும்?" என்று நானும் கேட்டவன்தான்.

ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசமாகக் கொடுப்பது உண்மை. ஆனால் படிக்கவும் சொல்லிக்கொடுக்கவும் மட்டும். தகுதியுள்ள மாணவனே அதில் காசுக்கு ஒரு பிளான் போட்டாலும் நிபந்தனை மீறல்தான். (அடோபி இதில் வேறு மாதிரி. மாணவர் சந்தாவில் தொழில் வேலையும் செய்யலாம், ஆனால் வாங்குகிறவர் மாணவராக இருக்க வேண்டும்.)

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன் வீட்டில் மாணவர் பதிப்பில் வரைந்த கதவு பிளாக்கை (ஒருமுறை வரைந்து பல படங்களில் செருகும் துண்டுப் படம்) கொண்டுவந்து எங்கள் படத்தில் செருகினான். ஒரே ஒரு கதவு. பிரின்ட் எடுத்தால் ஏ3 தாளின் நாலு ஓரத்திலும் 'மாணவர் பதிப்பில் உருவானது' என்ற வரி ஓடியது. அந்தப் படத்திலிருந்து எடுத்த மற்ற பிளாக்குகளிலும் அது தொற்றிக்கொண்டது. கான்ட்ராக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது யார் போட்டது?" என்று கேட்டார். 

முத்திரையைவிடப் பெரிய தொல்லை வருடா வருடம் புதுப்பிப்பது. என்னை முடிவெடுக்க வைத்தது அதுதான். முன்பு மூன்று வருடத்துக்குக் கிடைத்த மாணவர் அனுமதி இப்போது ஒரு வருடத்துக்குத்தான். ஒவ்வொரு வருடமும் 'இன்னும் படிக்கிறேன்' என்று நிரூபிக்க வேண்டும். நான் பயன்படுத்தியது அக்கா மகனின் கணக்கு. அவனுக்கு டிப்ளமோ முடிந்தது, தேதி நெருங்கியது. போன் செய்தான். "மாமா, காலேஜ்ல ஆபீஸ் அண்ணனைத் தெரியும். ஒரு போனஃபைடு வாங்கிப் போட்டுடட்டுமா?" என்றான். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. கையெழுத்து அவனுடையது, பொய் அவன் பெயரில், சம்பாத்தியம் எனக்கு. வேலை தேடப் போகிற பையன். வேண்டாம் என்று சொல்லி, அன்று இரவே எல்லாப் படங்களையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்தேன்.

ஆண்டுச் சந்தாவில் இந்தப் பயம் இல்லை. 2டி மட்டும் போதுமென்றால் ஆட்டோகேட் எல்டி இருக்கிறது. 2024 பதிப்பிலிருந்து லிஸ்ப்பும் (திரும்பத் திரும்ப வரும் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) அதில் ஓடும். பெரிய ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தோடு தினமும் படம் மாற்றிக்கொள்பவர் யோசிக்காமல் அதையே எடுக்கலாம். எங்களுக்கு மழைக்காலத்தில் இரண்டு மாதம் வேலை படுத்துவிடும், சந்தா மட்டும் படுக்காது. ஆட்டோடெஸ்க் தனி மென்பொருள்களை ஒரேயடியாக விற்பதை 2016 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது.

பிரிக்ஸ்கேடைத் தயாரிக்கும் பெல்ஜியத்தின் பிரிக்சிஸ், நாங்கள் வாங்கியபோது அப்படி விற்றுக்கொண்டிருந்தது. பிரிக்ஸ்கேட் நேரடியாக ஆட்டோகேடின் கோப்பு வகையான டிடபிள்யூஜியில் சேமிக்கிறது. பழைய சிடிபி (பிரின்டில் கோட்டுத் தடிமனைச் சொல்லும் கோப்பு), எஸ்எச்எக்ஸ் எழுத்துரு, லிஸ்ப் எல்லாவற்றையும் அப்படியே இதில் ஏற்றினேன். கோடு போட எல், வெட்ட டிஆர், நகலெடுக்க சிஓ என்று கை பழகிய சுருக்கங்கள் மாறவில்லை. புதுப் பதிப்பு வேண்டுமென்றால் மறுபடி செலவு உண்டு. வேண்டாமென்றால் வாங்கியது வாங்கியதுதான், தேதி பார்த்து யாரும் பூட்டுவதில்லை. நாங்கள் திணறியது டைனமிக் பிளாக்கில், அதாவது செருகிய பிறகும் அளவும் திசையும் மாற்றக்கூடிய பிளாக்கில். ஆட்டோகேடில் செய்தது இதில் நீளும், திரும்பும்; அதன் உள்ளமைப்பை மாற்றப் போனபோது பாதியிலேயே விட்டுவிட்டுப் புதிதாக வரைந்தோம். 3டி வேலை எங்களிடம் கிடையாது. அதனால் என் சொல்லை 2டி பிளானோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காசே இல்லை என்றால் லிப்ரேகேட் இருக்கிறது. நல்ல மென்பொருள்தான், ஆனால் டிஎக்ஸ்எஃப் என்ற வேறு கோப்பு வகையில் மட்டுமே சேமிக்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் டிடபிள்யூஜி கேட்கும்போது மாட்டிக்கொள்வோம்.

பிரிக்ஸ்கேடை 30 நாள் சும்மா போட்டுப் பார்க்கலாம். புதுப் படத்தில் பார்க்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான பழைய படத்தைத் திறந்து, உங்கள் சிடிபியைப் போட்டு ஒரு பிரின்ட் எடுத்து, பழைய தாளோடு ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள். கோட்டுத் தடிமனில் வித்தியாசம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.