டிரைவால் இணைப்புக்குக் காகித டேப்பா, மெஷ் டேப்பா?

டொராண்டோ பக்கம் பேஸ்மென்ட்டில் சுவர் வேலையைத் தாங்களே செய்து முடிப்பவர்கள் டிரைவால் எனும் ஜிப்சம் பலகை அடிக்கும்வரை தைரியமாகத்தான் இருப்பார்கள். இணைப்புகளை மூடும் கட்டம் வந்ததும் கடையில் காகிதம், வலை போன்ற மெஷ் என்று இரண்டு வகை டேப்புக்கு முன்னால் யோசனை வந்துவிடும். எனக்கும் வந்தது. நான் எடுத்தது காகிதம்.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, மொத்தச் செலவில் இரண்டுமே சில்லறைதான். ஒட்டுவதில் மெஷ் சுலபம். பின்பக்கம் பசை இருப்பதால் அழுத்தினால் போதும். காகிதத்துக்கு முதலில் காம்பவுண்ட் எனும் இணைப்புப் பூச்சுக் கலவையைப் பூசி, ஈரம் இருக்கும்போதே டேப்பைப் பதித்து, ஆறங்குலக் கத்தியால் இழுத்து உபரியை வெளியேற்ற வேண்டும். அடியில் காம்பவுண்ட் போதாவிட்டால் குமிழி கிளம்பும். அந்த இடத்தை வெட்டியெடுத்து மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

ஆனால் சுவருக்கு உண்மையான பரீட்சை குளிர்காலத்தில்தான். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மாதக்கணக்கில் ஓடும்போது வீட்டுக் காற்று வறண்டு, சுவருக்கு உள்ளே சட்டமாக நிற்கும் டூ-பை-ஃபோர் மரங்கள் ஈரம் இழந்து கொஞ்சம் சுருங்கும். அப்போது பலகைகளின் இணைப்பு இழுபடுகிறது. காகிதம் அந்த இழுப்புக்கு அசைந்து கொடுக்காது. மெஷ் என்பது கண்ணாடி இழை வலை, இழுத்தால் சற்று நெகிழும். வலை அறாது, சரி; மேலே இருக்கும் காம்பவுண்ட் நெகிழாதே! பெயின்ட் அடித்த சுவரில் மயிரிழைக் கோடு விழுவது இப்படித்தான். அதைச் சரிசெய்வதென்றால் சுரண்டி, டேப் போட்டு, பூசி, தேய்த்து, கடைசியில் பெரும்பாலும் முழுச் சுவருக்கும் பெயின்ட்.

இதனால்தான் மெஷ்ஷுக்கு முதல் பூச்சாகச் செட்டிங் வகை காம்பவுண்டைப் போடச் சொல்கிறார்கள். தூளாக வரும், தண்ணீரில் கலந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போல வேதிமாற்றத்தால் இறுகும், வாளியில் கலந்தே வரும் ரெடிமிக்ஸைவிட உறுதியானது. பையில் 20, 45, 90 என்று போட்டிருப்பது இறுகும் நிமிடங்கள். புதிதாகச் செய்பவர் 20 பக்கமே போக வேண்டாம், தட்டிலேயே கல்லாகிவிடும். டுராபாண்ட் போன்ற செட்டிங் பிராண்டுகள் இறுகிய பின் தேய்க்கவும் அசையாது. ஒட்டுவதில் மிச்சம் பிடித்த நேரம் இங்கே போய்விடுகிறது. காகிதத்துக்கு எல்லாப் பூச்சுக்கும் வாளி ரெடிமிக்ஸே போதும்.

உள்மூலைகளில் போட்டியே இல்லை. காகிதத்தின் நடுவில் மடிப்புக் கோடு இருக்கிறது, மடித்தால் மூலை நேராக நிற்கும். மெஷ்ஷைக் கத்தி முனையே அறுத்துவிடும். ஓரச் சரிவில்லாத வெட்டு முனைகள் சேரும் இடத்திலும் மெஷ் தடிமனாகத் தெரியும், கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் வலை வெளியே வந்துவிடும்.

சின்ன ஓட்டை, மின்பெட்டியைச் சுற்றிய இடைவெளி போன்ற ஒட்டு வேலைகளுக்கு நானும் மெஷ்தான் போடுவேன். முகப்பில் காகிதமே இல்லாத, பூஞ்சை தாங்கும் பலகை என்றாலும் மெஷ்தான் பொருத்தம். நீளமான இணைப்புக்கு மெஷ் போட்டு நான் வருடக்கணக்கில் பார்த்ததில்லை. செட்டிங் காம்பவுண்டோடு கைப்பழக்கம் உள்ளவர் செய்தால் நிற்கக்கூடும்.

காகிதம் எடுத்தால் முதல் பூச்சுக் காம்பவுண்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இளக்கிக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட்டில் கோடையில் பூசினால் டீஹ்யூமிடிஃபையரை ஓடவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு.