நாய்க்குட்டியைப் பழக விடுவதா, தள்ளி நிறுத்துவதா?

எங்கள் சிப்பிப்பாறைக் குட்டிக்கு இப்போது ஏழு மாதம். தெருவில் இன்னொரு நாயைக் கண்டால் போதும், பின்னங்காலில் எழும்பிக் கத்தும். அதை நிறுத்த மூன்று வழி சொன்னார்கள்.

கழுத்தை இறுக்கும் சங்கிலியை ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன். குரைப்பு நின்றது உண்மைதான். ஆனால் வலிக்கும்போதெல்லாம் கண்ணெதிரே இருப்பது இன்னொரு நாய்; பழி அதன் மேல்தான் விழும்.

அடுத்தது, எதிரில் வரும் எல்லா நாயோடும் மூக்கு உரச விடுவது. குட்டிகள் எளிதில் பழகும் பருவம் 3 முதல் 14 வாரம் வரை. தடுப்பூசி வரிசை முடியவோ 16 வாரம் ஆகிவிடும். இடையில் பார்வோ எனும், குட்டிகளின் உயிரைக் குடிக்கும் வைரஸ் நோய் பயம். தடுப்பூசி போட்ட, பொறுமையான வீட்டு நாய் தெரிந்தவரிடம் இருந்தால் தாராளமாக விடலாம். நான் கண்ட நாயோடெல்லாம் விட்டேன். எந்த நாயைப் பார்த்தாலும் அதனிடம் ஓடலாம் என்று குட்டி முடிவு கட்டிவிட்டது. கயிறு தடுத்தால் ஆத்திரம்.

இப்போது செய்வது மூன்றாவது. தெருமுனை டீக்கடை வாசலில் மூன்று நாய்கள் படுத்திருக்கும். இரண்டு மின்கம்பம் முன்னாலேயே நின்றுகொள்வேன். அவற்றை இது பார்த்ததும், குரைக்கும் முன்பே, உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று வாய்க்குள் போய்விடும். எல்லாமே தூரத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கோழியைத் தின்றால் தூரம் சரி. மூக்கருகே நீட்டியும் கண்டுகொள்ளாமல், வாயை மூடி, காது விறைத்து நின்றால் கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம். திரும்பி நடக்க வேண்டியதுதான். அப்போது பேர் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் காற்றோடு போகும். கயிற்றை இறுக்கினால் இன்னும் மோசம், விலக வழியில்லாத நாய்தான் முதலில் சீறும். ஒருநாள் நாலடி முன்னேறுவோம். மறுநாள் அந்த மூன்றில் ஒன்று எழுந்து ஓடினால் மறுபடி பழைய கம்பம். முயல் துரத்திய இனம், வேறென்ன செய்யும்?

நம் தெருக்களில் அந்தத் தூரம் நம் கையில் இல்லை என்பதுதான் சிக்கல். அதனால் முதல் இரண்டு வாரம் மொட்டை மாடியிலிருந்தே தெரு நாய்களைக் காட்டித் தீனி கொடுத்தேன். வெளியே ஏதாவது நாய் நேரே வந்தால், ஒரு பிடி பிஸ்கட்டை அதன் முன்னால் இறைத்துவிட்டு நாங்கள் திரும்பிவிடுவோம். (தெருவில் எனக்கு ரசிகர் கூட்டம் பெருகிவிட்டது.)

நான் பழக்கியது இந்த ஒன்றைத்தான். கடிபட்டு மிரண்ட நாய்க்கும் இதே வேகத்தில் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். இதுவும் இன்னும் ஒரு கம்பத் தூரத்தில்தான் நிற்கிறது.